மூன்றாவது மூலையில் நிற்கும் ஆள்

ஜூன் 3, செவ்வாய்

புது வேலை வந்திருக்கிறது. காலையில் ஷிபு சார் ஃபோனில் கூப்பிட்டு, "பிளேவியா, பேஸ்பால் தெரியுமாம்மா?" என்றார். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. அப்போ சண்டை வராது" என்றார்.

நாகர்கோவிலில் அவருக்குச் சின்ன அலுவலகம். வீடியோ கேம் சம்பந்தமான சில்லறை வேலைகளை வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்து கொடுக்கிறார். நான் வீட்டிலிருந்தபடி முகங்கள் செய்கிறேன். புகைப்படம் அனுப்பினால், அதைப் பார்த்து கேமுக்குள் ஓடுகிற ஆளுக்கு அந்த முகத்தைப் பொருத்த வேண்டும். இந்தத் தடவை முகம் மட்டும் போதாது. முழு ரோஸ்டரும் வேண்டுமாம், அதாவது அணியில் யார் யார், உயரம் என்ன, எந்தக் கைக்காரர், எவ்வளவு வேகமாக ஓடுவார் எல்லாம். கேம் வாங்கும்போது இந்தக் காலத்து அணிகள்தான் அதில் இருக்கும். பழைய அணிகள் வேண்டுமென்றால் ஆசைப்படுகிறவர்களே உருவாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்டிருப்பவர் மார்ஜரி என்ற அமெரிக்கப் பெண்மணி. எழுபது வயதாம். ஹார்ஸ்டன் என்ற ஏரிக்கரை ஊர். அங்கே காகித ஆலைத் தொழிலாளிகள் 1931ல் ஒரு அணி வைத்திருந்தார்கள். அதை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். "சரித்திரப்படி இம்மி பிசகக் கூடாது" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறார்.

மாமிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். கேஸ் சொல்லியாயிற்று. வீட்டில் மாமியும் நானும்தான். என் கணவர் கிளீட்டஸ் கடலுக்குப் போயிருக்கிறார்.

ஜூன் 6, வெள்ளி

ஆட்டம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. மைதானத்தில் நாலு மூலை. பந்தை அடித்துவிட்டு முதல் மூலைக்கு ஓட வேண்டும், பிறகு இரண்டாவது, மூன்றாவது. கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ஓட்டம். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வீடு. நடுவில் எந்த மூலையில் நின்றாலும் கணக்கில் சேராது.

மார்ஜரி ஒன்பது பேரின் விவரங்களை அனுப்பியிருக்கிறார். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த ஸ்கோர், ஒரு அணிப் படம், தனித்தனிப் படங்கள். ஒருவருக்கு ஆலை இயந்திரத்தில் மோதிர விரல் நுனி போயிருக்கிறது. ஒருவர் மட்டையைத் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நிற்பாராம். காலுறையில் மூன்று கோடு, இரண்டல்ல. சட்டைப் பொத்தான் எலும்பு நிறம், வெள்ளை அல்ல. இவ்வளவு பிடிவாதக்காரரோடு வேலை செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 11, புதன்

எவுஜின் வந்தான். மாமியின் இளைய மகன், கிளீட்டஸின் தம்பி. கீழத்தெருவில் குடியிருக்கிறான், இப்போது கடலுக்குப் போவதில்லை, ஆட்டோ ஓட்டுகிறான். கோயில் முற்றத்தில் கல் வைக்கப் போகிறார்களாம், புயலில் போனவர்களின் பெயர் எல்லாம் வெட்டி.

"எல்லா வீட்டுலயும் சரின்னு சொல்லியாச்சு மைனி. நம்ம வீடு ஒண்ணுதான் பாக்கி. ஃபாதர் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

மாமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஆறு வருஷம் ஆச்சு மைனி," என்றான். பிறகு, "அன்னிக்கு கடல்ல போட்டு கவுந்த பெறவு அண்ணன் எங்கிட்ட..." என்று ஏதோ ஆரம்பித்தான். அடுப்பில் பால் இருந்தது. எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவன் போயிருந்தான். எவுஜின் எப்போதுமே பாதியில் போய்விடுகிறவன்.

ஜூன் 14, சனி

மீன் வாங்கவில்லை. வெண்டைக்காய்.

ஜூன் 20, வெள்ளி

எட்டு முகம் முடிந்தது. ஒன்பதாவதில்தான் சிக்கல். எமில் க்ராஸ் என்று பெயர், இடதுகைக்காரர், மெலிந்தவர், நல்ல வேகம், அதிக பலமில்லை. அணிப் படத்தில் படம் எடுக்கிற நொடியில் தலையைத் திருப்பியிருக்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளுத்த இழுப்புத்தான் தெரிகிறது. வேறு படமே கிடையாதாம்.

மார்ஜரிக்கு எழுதினேன். "எமில் என் அம்மாவின் அப்பா. அம்மா ரூத்துக்கு இப்போது தொண்ணூற்றேழு வயது. அவருக்காகத்தான் இதெல்லாம் செய்கிறேன். அவருக்கும் அப்பா முகம் சரியாக ஞாபகமில்லை, நெற்றி அகலம், காது ஒட்டியிருக்கும் என்கிறார். மிச்சத்தை உங்கள் கைக்கு வந்தபடி செய்யுங்கள்" என்று பதில் வந்தது.

இம்மி பிசகக் கூடாது என்று சொன்னவர் இதை மட்டும் என் கைக்கு விட்டுவிட்டார். இரண்டு நாள் ஆயிற்று. கன்ன எலும்பு, மூக்கு, மேலுதட்டுப் பள்ளம் எல்லாம் தானாகவே அமைந்துவிட்டன, ஒன்றையும் அழித்துத் திருத்த வேண்டி வரவில்லை. இதுவரை இப்படி நடந்ததில்லை.

மாமி தண்ணீர் குடிக்க வந்தவர் திரையைப் பார்த்து நின்றார்.

"இவன் எதுக்கு தொப்பி வச்சிருக்கான்?"

"அது வெளிநாட்டு விளையாட்டு மாமி."

"எனக்க பிள்ளைக்குத் தலையில எது வச்சாலும் வேர்க்குமே," என்றபடி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் கேட்க வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

இன்று சோதனை ஓட்டம். இரண்டு பக்கத்தையும் கணினியே ஆடும்படி விட்டு, மே மாதத்தில் சீசனைத் தொடங்கினேன். மார்ஜரி அந்த வருஷத்து அட்டவணையை முழுசாக அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். மே நன்றாகப் போயிற்று, ஜூனும் அப்படியே. தோளில் தட்டுகிறவர் சரியாகத் தட்டுகிறார். ஹார்ஸ்டன் ஜெயிக்கிறது, தோற்கிறது, உண்மையில் நடந்ததற்குப் பக்கத்தில்தான் கணக்கு வருகிறது.

ஜூலை 19 ஆட்டத்தில் முதல் ஆள் வந்து நின்றார். மூன்று பந்து வந்தது. மட்டையை ஆட்டவே இல்லை. அவுட். இரண்டாவது ஆளும் அப்படியே. நான் ஏதோ பட்டனை மாற்றி அழுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

எட்டுப் பேரும் அப்படித்தான் நின்றார்கள். எதிரணி அடிக்கிற பந்தைப் பிடிக்கிறார்கள், எறிகிறார்கள். தங்கள் முறை வந்தால் மட்டும் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எறிகிறவனைக்கூடப் பார்ப்பதில்லை. அவன் தலைக்கு மேலே, தூரத்தில் எங்கோ பார்க்கிறார்கள்.

எமில் மட்டும் ஆடினார். நல்ல அடி. மூன்றாவது மூலை வரை ஓடி வந்து நின்றார். அடுத்த ஆள் அடித்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பார். அடுத்த ஆள் அடிக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஒவ்வொரு ஆளின் வேகத்துக்கும் பலத்துக்கும் போட்ட மதிப்பெண் எல்லாம் மறுபடி பார்த்தேன், தவறே இல்லை. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாலும் அதே கதை. எட்டுப் பேரில் ஒருவரைத் தூக்கி எதிரணியில் போட்டேன். அங்கேயும் ஜூலை 19லிருந்து நின்றார். தேதியைப் பின்னால் தள்ளி ஜூனில் ஆடவிட்டால் ஆடுகிறார். கையில் கன்ட்ரோலரை எடுத்து நானே அவருக்காக ஆடினேன். பட்டனை அழுத்துகிறேன், அவர் தோளிலிருந்து மட்டை அசையவில்லை. பட்டன் கெட்டுவிட்டதோ என்று எமிலுக்கு அழுத்தினால், அடிக்கிறார்.

ஷிபு சார் தன் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அந்தத் தேதியில நீங்க ஏதாவது எழுதி வச்சீங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்போ இது பக்குதான், புரோகிராம்ல ஏதோ பிழை." பிறகு, "அவங்க எங்க பாக்காங்கன்னு கவனிச்சீங்களா?"

மைதானத்துக்குப் பின்னால் நான் அந்த ஏரியை வைத்திருக்கிறேன். மார்ஜரி அனுப்பிய படத்தில் இருந்தது. அதைத்தான் பார்க்கிறார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

மார்ஜரிக்கு எழுதிவிட்டேன். ஜூலை 19 முதல் எட்டுப் பேர் ஆடுவதில்லை, எமில் க்ராஸ் மட்டும் ஆடுகிறார், காரணம் தேடுகிறோம், வருந்துகிறோம் என்று அலுவல் முறையில்.

மாமி இன்று குளித்துவிட்டு வந்து நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போடு, பாப்போம்" என்றார். போட்டேன்.

ஜூலை 7, திங்கள்

மூன்று நாளாகப் பதில் இல்லாமல் இன்று காலை வந்தது. இங்கே எழுதி வைக்கிறேன்.

"நீங்கள் எழுதியதை நான் யாருக்கும் காட்டவில்லை. 1931 ஜூலை 19 ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் எதிர்க்கரை ஊரில் ஆடுவதற்காக ஒரு படகில் புறப்பட்டார்கள். எங்கள் ஏரிக்கு மறுகரை கண்ணுக்குத் தெரியாது. பாதி வழியில் புயல் பிடித்தது. அந்த வாரத்திலேயே எட்டு உடல்கள் கரை ஒதுங்கின. என் தாத்தா எமில் கிடைக்கவில்லை. மீதி சீசனை ஆலைப் பையன்கள் ஆடி முடித்தார்கள். அதனால்தான் அட்டவணை முழுசாக இருக்கிறது. விபத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்று நினைத்தேன். அது இல்லாத அணிதான் எனக்கு வேண்டும். அனுப்பிய தாள்களை எல்லாம் மறுபடி பார்த்துவிட்டேன், எதிலும் அது இல்லை. தயவுசெய்து ஜூலை 12 ஆட்டத்தோடு நிறுத்தி அனுப்பிவிடுங்கள். அம்மா தன் அப்பா ஆடுவதை ஒருமுறை பார்த்தால் போதும். அப்பா போனபோது அவருக்கு மூன்று வயது."

ஜூலை 12க்குப் பிறகு வருவதை வெட்டுவது அரை மணி நேர வேலை.

இன்று மாவு அரைக்க வேண்டியிருந்தது. செய்யவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆகஸ்ட் ஆட்டங்களைப் பார்த்தோம். செப்டம்பரும் முடிந்தது. சீசன் முடிந்தால் கேம் தானாக அடுத்த வருஷத்தைத் தொடங்குகிறது. 1932. எட்டுப் பேர் நிற்கிறார்கள். எமில் அடிக்கிறார், ஓடுகிறார், மூன்றாவது மூலையில் வந்து நிற்கிறார்.

"அவன் எதுக்கு அங்ஙனயே நிக்கான்?" என்றார் மாமி.

"பின்னால வாறவன் அடிச்சாத்தான் மாமி அவரு வீட்டுக்கு வர முடியும்."

"இவனுவ அடிக்க மாட்டானுவளே."

"ஆமா."

"அப்போ நிக்கட்டும். நாம இருக்கோம்லா."

ஜூலை 16, புதன்

1934. இந்த கேமில் வருஷம் போகப் போக ஆட்களுக்கு வயதாகும், வேகம் குறையும், நரைக்கும், ஒருநாள் ஓய்வு பெற்றுவிட்டார் என்று செய்தி வரும். எதிரணிக்காரர்கள் எல்லாரும் மாறிவிட்டார்கள். ஹார்ஸ்டனில் ஒருவருக்கும் ஒரு முடி நரைக்கவில்லை. பார்வையாளர் கூட்டம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. அதுவும் கேமின் கணக்குத்தான், தோற்கிற அணிக்குக் கூட்டம் வராது. இன்று மரப் பலகை வரிசைகளில் நாலைந்து பேர்தான். எல்லாரும் பெண்கள். கூட்டத்தை நான் செய்யவில்லை, அது கேமிலேயே வருவது.

ஷிபு சார் இரண்டு தடவை கூப்பிட்டார். பக்கைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

எவுஜின் சொல்லாமல் வந்துவிட்டான். மாமியும் நானும் திரையின் முன்னால் இருந்தோம். மாமி ஒரு தட்டில் அவலை வைத்துக்கொண்டு, "அடிடா மக்களே, அடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எமில் முகம் திரையில் பெரிதாகத் தெரிந்த நேரம்.

எவுஜின் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் கையில் பலாச்சுளைப் பொட்டலம் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாரு மைனி செஞ்சது இத?"

"இது அமெரிக்காக்காரன் ஒருத்தன். எமில்னு பேரு. வேலைக்கு வந்தது."

"மைனி..."

"படம் இல்லாததால நானா செஞ்சேன். சும்மா ஒரு முகம்."

அவன் உட்காரவில்லை. "அம்மையையும் கூட இழுத்து உக்கார வச்சிருக்கியளே. இது வேண்டாம் மைனி. எனக்க கண்ணு முன்னால போனவன் அவன். நான் ஒருக்கா சொல்லிக்கிடுதேன், நீங்க ஒருக்கா கேட்டா போதும்."

துணி காயப்போட மாடிக்குப் போனேன். வெயில் நன்றாக இருந்தது. கீழே இறங்கி வந்தபோது பலாச்சுளை மேசைமேல் இருந்தது. ஒரு சுளை சாப்பிட்டேன், இனிப்பு.

ஜூலை 30, புதன்

1937 வந்துவிட்டது. ஆறு சீசன்.

நிற்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கண் டாக்டரிடம் மாமியைக் கூட்டிப்போனேன். பரிசோதித்துவிட்டு, "புரை ஆரம்ப நிலைதான். ஆபரேஷனுக்கு அவசரமே இல்ல. அஞ்சடி பத்தடியில அம்மாவுக்கு எல்லாம் நல்லாத் தெரியுமே" என்றார். பஸ்ஸில் வரும்போது மாமி கடைப் பலகைகளில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மார்ஜரி எழுதியிருக்கிறார். ஒரே பத்தி. அம்மாவுக்கு மூச்சு சிரமம், டாக்டர்கள் நாள் கணக்கில் பேசுகிறார்கள், எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, இருப்பதை அனுப்புங்கள்.

ஒரு மாதமாக நான் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அனுப்பினால் என்னிடமிருந்து எதுவும் குறைந்துவிடாது, கணினியில் நகல் இருக்கத்தான் செய்யும். அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன். இருந்தும் விரல் போகவில்லை.

மத்தியானம் மாமியிடம் சொன்னேன். அந்த ஊரில் ஒரு கிழவி இருக்கிறார், இவருடைய மகள், சாகக் கிடக்கிறார், இவரைப் பார்க்க வேண்டுமாம் என்று.

மாமி திரைப் பக்கம் திரும்பினார்.

"மகள் உண்டுமா இவனுக்கு?"

"ஆமா மாமி."

"எனக்க பிள்ளைக்குப் பிள்ளை கெடையாதே," என்றார் மெதுவாக. பிறகு, "அனுப்பிரு மக்களே. நாம பாத்தாச்சு. நீ பாத்தே, நான் பாத்தேன். அவளும் பாக்கட்டு."

ஜூலை 12க்குப் பிறகு வருவதை வெட்டவில்லை. வெட்டாமலே அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மார்ஜரியின் கடிதம்:

"ஞாயிறு மத்தியானம் அம்மாவின் கட்டிலுக்கு எதிரே இருந்த டிவியில் போட்டோம். ஜூலை 12 வரை என்று நினைத்துத்தான் போட்டேன். ஆனால் கேம் திறந்ததே ஜூலை 19 ஆட்டத்தில். நிறுத்தப் போனேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் எழுதியபடியே எட்டுப் பேரும் நின்றார்கள். தாத்தா அடித்தார், மூன்றாவது மூலைக்கு வந்து நின்றார். அடுத்தவர் மட்டையை ஆட்டவில்லை. அப்போது தாத்தா நடக்க ஆரம்பித்தார். ஓடவில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை, பந்து கையில் இருந்தவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டை மிதித்தார். அங்கே நிற்கவுமில்லை. நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்து, திரையின் கீழ் ஓரத்தில் மறைந்துவிட்டார்.

அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். 'அப்பா ஷூ நனைந்திருக்கிறது' என்றார். நானும் பார்த்தேன். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை. மறுநாள் விடியும்போது அம்மா போய்விட்டார். முகம் நன்றாக இருந்தது.

நீங்கள் வெட்டாமல் அனுப்பியதற்கு நன்றி. அது மறதியா, வேண்டுமென்று செய்ததா என்று கேட்க மாட்டேன்."

அப்படியொரு அசைவு இந்த கேமில் கிடையாது. ஓடுகிற ஆள் வீட்டை மிதித்ததும் காட்சி மாறிவிடும். ஷூ நனைவதற்கும் வழியில்லை. ஷூவை நான்தான் செய்தேன். பழுப்புத் தோல், காய்ந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை பதினோரு மணிக்குப் போட்டோம். மாமி நாற்காலியில், நான் பாயில்.

எமிலின் முறை வந்தது. வந்தார். மட்டையைத் தோளில் சாய்த்தார். முதல் பந்து வந்தது. ஆட்டவில்லை. இரண்டாவதும் போயிற்று. நான் கன்ட்ரோலரை எடுத்து அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். மூன்றாவது பந்து போயிற்று. மற்ற எட்டுப் பேரைப்போலவே தலையைத் தூக்கி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"இது யாரு?"

"மாமி, நேத்து வரைக்கும் நீங்க..."

"இது நம்ம ஆளு இல்ல மக்களே. யாரு பிள்ளையோ. அவன் அவனுக்க வீட்டுக்குப் போயிட்டான்."

நெற்றி, கன்ன எலும்பு, மேலுதட்டுப் பள்ளம் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நான் வைத்த அளவுகள் அப்படியே இருக்கின்றன, ஒரு எண் மாறவில்லை. ஆனால் திரையில் இருப்பது எனக்குத் தெரியாத ஒரு வெள்ளைக்கார இளைஞன். எப்படி இதைக் கிளீட்டஸ் என்று நினைத்தேன்?

கிளீட்டஸ் என்று எழுதிவிட்டேன். எழுதினது இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எவுஜினை நானே ஃபோனில் கூப்பிட்டேன். வந்தான். அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தேன்.

"சொல்லு," என்றேன்.

"என்னத்த மைனி?"

"அன்னிக்கு என்ன நடந்துதுன்னு சொல்லு. நான் எழும்பிப் போகமாட்டேன்."

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"போட்டு கவுந்த பெறவு ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு டீசல் கேன்தான் கெடச்சுது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அதப் பிடிச்சிட்டுக் கெடந்தோம். எனக்குக் கை விட்டுப்போச்சு. அண்ணன் தனக்க கைலியைக் கிழிச்சு என்னைய அந்தக் கேனுல கெட்டினான். நான் வேண்டாம்னேன். பேசாம கெடலேன்னான். ரெண்டு பேரும் பிடிச்சா கேனு முங்குது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த நாளு விடிஞ்சப்போ, 'எவுஜினே, அங்ங கர தெரியுது பாரு, நான் நீந்திப் போயி ஆளக் கூட்டிட்டு வாறேன்'ன்னான்."

"கர தெரிஞ்சுதா?"

"இல்ல மைனி. எந்தப் பக்கமும் ஒண்ணும் கெடையாது. நான் பாத்தேன். ஆனா நான்..." பொத்தானை விட்டுவிட்டான். பிறகு சொன்னான், "நான் 'ஆமா, தெரியுது'ன்னேன்."

மாமி கதவருகில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எவுஜின் எழுந்துகொண்டான்.

"திரும்பிப் பாத்தானா?" என்றார் மாமி.

"இல்லம்மா. நேரா போனான்."

"நல்லா நீந்துனானா?"

"நல்லா நீந்துனான்."

மாமி அவன் தலையில் கை வைத்தார். ஆறு வருஷமாக இந்த வீட்டு வாசலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தவன், மாமி இடுப்பைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதான். நானும் அழுதிருக்கிறேன் போல. மாமிதான் எனக்கு முந்தானையை நீட்டினார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஹார்ஸ்டன் அணியை முடித்துக்கொடுத்துவிட்டேன். ஜூலை 19க்குப் பிறகு வரும் ஆட்டங்களுக்கு ஆலைப் பையன்களைச் சேர்த்தேன், மார்ஜரி பெயர்களை அனுப்பினார். அவர்கள் மோசமாக ஆடுகிறார்கள். ஆனால் ஆடுகிறார்கள். ஷிபு சார், "பக்கு எப்படிம்மா போச்சு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

கல் வெட்டுகிற இடத்துக்கு எவுஜினின் ஆட்டோவில் போனோம். கல் வெட்டுகிறவர் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "தேதி எல்லாருக்கும் ஒண்ணாத்தான போடுது? புயல் அடிச்ச நாளு?" என்றார்.

"இவருக்கு அதுல இருந்து ரெண்டு நாளு கழிச்சு," என்றேன். "விடியக்காலம்."

எவுஜின் என்னைப் பார்த்தான். கல் வெட்டுகிறவர் தலையாட்டிவிட்டுக் காகிதத்தில் திருத்திக்கொண்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

இறந்தவர்கள் திருநாள். பூசைக்குப் பிறகு ஃபாதர் கல்லை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். நல்ல கூட்டம். மாமிக்கு எழுத்து தெரியாது. "எது?" என்றார். விரலைப் பிடித்து அவர் பெயர்மேல் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தடவிவிட்டு, "ஆழமாத்தான் வெட்டியிருக்கான்" என்றார்.

திரும்பி வரும்போது எவுஜின் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி சூரைமீன் குழம்பு வைத்திருந்தாள். என் இலையில் ஊற்றும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன மைனி என்றார்கள். சொன்னேன். கல்யாணமான புதிதில், அவரே பிடித்துக்கொண்டு வந்த மீனை ஆசையாகக் குழம்பு வைத்து முன்னால் வைத்தேன். அவர் பேசாமல் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரசம் இருக்கா?" என்றார்.

எவுஜினும் சிரித்தான். மாமியும் சிரித்தார். "சின்னதுல இருந்தே அப்பிடித்தான், வாடைய கண்டாலே ஓடுவான்" என்றார்.

என் கணவர் கிளீட்டஸ் மீன் சாப்பிடாத மீன்காரராக இருந்தார்.